ஈசிசேரும் நீர்வண்ணமும்: பழைய மரச்சாமான் ஓவியத்தைப் பார்க்கும் முறை

சென்னையின் நீர்வண்ணக் கண்காட்சிகளில் ஈசிசேர் படம் அடிக்கடி கண்ணில் படும். தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல், காலை நீட்டிப் போட்டுக்கொள்ள வசதியாக நீண்ட கைகள், பின்னால் சுண்ணாம்புச் சுவர், கீழே சிவப்புத் தரை. "எங்க தாத்தா வீட்டுல இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் பார்வையாளர்கள் அடுத்த படத்துக்கு நகர்கிறார்கள். அந்த நினைவு நல்லதுதான். ஆனால் நாற்காலியின் மேல் நமக்குள்ள பாசம் வேறு, அதை வரைந்தவரின் திறமை வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகினால் ஒரே படத்தின் முன் அரைமணி நேரம் நிற்கலாம்.

நீர்வண்ணம் எதையும் மறைக்காது. எண்ணெய் வண்ணத்தில் பிசகிய இடத்தை மூடி மேலே பூசிவிடலாம். இதில் அடியில் இட்ட பூச்சு மேல்பூச்சுக்குள் தெரிந்துகொண்டே இருக்கும். பழைய மரச்சாமானும் அதே குணம் கொண்டது. எந்தக் கட்டையில் துளை போட்டு எந்தக் கட்டையை இறக்கினார்கள், எந்தக் கால் பிற்பாடு மாற்றப்பட்டது என்பதெல்லாம் அதன் உடம்பிலேயே இருக்கிறது. ஆசாரி சேர்த்த வரிசையும் ஓவியர் பூசிய வரிசையும் சேர்ந்து தெரிகிற படமே என் கணிப்பில் நல்ல மரச்சாமான் படம்.

முதலில் வெள்ளையைத் தேடுங்கள். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது காகிதம். நாற்காலிக் கையின் மேல்விளிம்பில் ஓடும் பளபளப்பும் பித்தளைத் திருகின் தலையில் மின்னும் புள்ளியும் வண்ணம் படாமல் விட்ட இடங்கள். எப்படி விட்டார் என்பதை விளிம்பு சொல்லிவிடும். தூரிகையை ஒதுக்கிச் சுற்றி வரைந்திருந்தால் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் இளகியும் இருக்கும், அகலமும் சீராக இராது. மாஸ்கிங் ஃப்ளூயிட் என்ற ரப்பர் திரவத்தைத் தடவி, வண்ணம் காய்ந்தபின் உரித்திருந்தால் இரண்டு விளிம்பும் கத்தரித்தாற்போல இருக்கும். பிறகு அதை ஈரத் தூரிகையால் இளக்காமல் விட்டால் அந்த வெளிச்சம் மரத்தில் ஒட்டாமல் தனியாக நிற்கும். ஈரத் தூரிகையால் துடைத்தெடுத்த இடம் முழு வெள்ளையாகாது, கொஞ்சம் சாயம் தங்கியிருக்கும். பிளேடால் சுரண்டிய இடத்தில் காகித நார் கிளம்பியிருக்கும். மேலே காஷ் (ஒளி ஊடுருவாத நீர்வண்ணம்) வெள்ளை வைத்திருந்தால் சற்றே நீலம் பாய்ந்த சுண்ணாம்புப் பொட்டாகத் தெரியும்.

இவற்றில் எதுவும் தப்பில்லை. எந்த மரப்பூச்சுக்கு எந்த வெள்ளை என்பதே கேள்வி. எண்ணெய் துடைத்த தேக்கில் வெளிச்சம் அகலமாகப் பரவி மங்கலாக நிற்கும்; துடைத்தெடுத்த வெள்ளை அதற்குப் பொருந்தும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப்பந்தால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பிரெஞ்ச் பாலிஷ், ஜன்னலையே திருப்பிக் காட்டும். அங்கே கூர்மையான வெள்ளைதான் உண்மை. எண்ணெய் துடைத்த நாற்காலியில் கண்ணாடிப் பளபளப்பு வைத்திருந்தால் ஓவியர் அந்தப் பொருளைத் தொட்டுப் பார்க்கவில்லை என்று பொருள்.

அடுத்தது பிரம்பு. ஈசிசேர் படத்தின் உயிர் இங்கேதான், பெரும்பாலான படங்கள் தடுக்கி விழுவதும் இங்கேதான். கையால் பின்னும் முறையைத் தெரிந்துகொண்டால் படத்தின் குறை தானே கண்ணில் படும். சட்டத்தைச் சுற்றிலும் ஏறக்குறைய அரை அங்குல இடைவெளியில் துளைகள் இருக்கும். தண்ணீரில் ஊறிய பிரம்பு இழையை முதலில் நீளவாக்கில் இழுப்பார்கள். இரண்டாவது, அதன் மேல் குறுக்கே. மூன்றாவது மறுபடி நீளவாக்கில், முதல் இழைக்குச் சற்று ஒதுங்கி. நான்காவது குறுக்கிழை மேலும் கீழுமாகப் பின்னிப் போகும். ஐந்தும் ஆறும் இரண்டு மூலைவிட்டங்கள். ஏழாவது, துளைகளை மறைத்து ஓரத்தில் ஓடும் கட்டு. காய்ந்ததும் இழை சுருங்கி விறைக்கும். இப்படிப் பின்னினால் இழைகளுக்கு நடுவில் விழும் திறப்பு, அதாவது கண், எட்டு முனை கொண்டதாக இருக்கும். படத்தில் கண்கள் சதுரமாகவோ வைரக்கல் வடிவிலோ இருந்தால் மூலைவிட்ட இழைகளை ஓவியர் கவனிக்கவில்லை.

தலைப்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை 120 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம் என்று கொண்டால் அரை அங்குல இடைவெளியில் மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட கண்கள் வரும். அத்தனையையும் வரைவது உழைப்பு, ஆனால் ஓவியமாகாது. பார்ப்பவரின் பார்வை களைத்துவிடும், தொலைவும் காணாமல் போகும். தேர்ந்தவர் நமக்கு அருகில் உள்ள ஓரத்தில் கைப்பிடி அளவு கண்களைத் துல்லியமாக வரைவார். தள்ளிப் போகப்போக அவை வெறும் புள்ளியாகும், பிறகு ஒரு பூச்சாகவே கரைந்துவிடும். எந்த இடத்தில் வரைவதை நிறுத்தினார் என்று தேடிப் பாருங்கள். படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்த எல்லைதான்.

வரையும் முறையும் முக்கியம். பழுப்புக் கோடுகளால் இழைகளைப் போட்டால் மீன்வலை மாதிரி ஆகிவிடும். முழுப் பரப்புக்கும் வைக்கோல் நிறத்தில் ஒரு பூச்சு கொடுத்துக் காயவிட்டு, இழையைத் தொடாமல் கண்களுக்குள் இருக்கும் இருட்டை மட்டும் வரைய வேண்டும். அப்போது இழை தானாக மேலே எழும்பும். ஆனால் இருட்டு எப்போதும் கண்ணுக்குள்தான் இருக்கும் என்பதும் இல்லை. உட்காரும் இடத்துக்குக் கீழே நிழலடித்த தரை என்பதால் அங்கே கண்கள் கறுத்து இழை வெளுத்திருக்கும். முதுகுப் பக்கத்துக்குப் பின்னால் வெயில் படும் முற்றமோ ஜன்னலோ இருந்தால் தலைகீழ்: கண்கள் வெளுத்து இழை கறுக்கும். ஒரே நாற்காலியில் இந்த மாற்றம் எங்கோ ஓரிடத்தில் நடந்தாக வேண்டும். நடக்கும் இடத்தில் இழையும் கண்ணும் ஒரே அழுத்தத்தில் வந்து பின்னல் கொஞ்ச தூரம் காணாமலே போகும். நேரில் பார்த்து வரைந்தவர் அதை விடமாட்டார். மனப்பாடமாக வரைந்தவரின் படத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே கறுப்புக் கண்கள் இருக்கும்.

தரையில் விழும் பிரம்பு நிழலுக்கும் ஒரு கணக்கு உண்டு. வானத்தில் சூரியன் ஏறக்குறைய அரைப் பாகை அகலம். அதனால் நிழலின் விளிம்பு, பொருளுக்கும் தரைக்கும் உள்ள தொலைவில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு மங்கும். 40 செ.மீ. உயரத்தில் உள்ள இருக்கையின் நிழலில் சுமார் 4 மி.மீ. மங்கல், கண்கள் முனை மழுங்கினாலும் பின்னல் அடையாளம் தெரியும். ஒரு மீட்டர் உயரத்தில் உள்ள தலைப்பக்கத்தின் நிழலில் மங்கல் 9 மி.மீ.; கண்ணின் அளவையே அது விழுங்கிவிடுவதால் பின்னல் கலைந்து வெறும் சாம்பல் திரையாகிவிடும். வெயில் சாய்ந்தால் இன்னும் மங்கும். நிழல் முழுவதும் ஒரே கூர்மையில் கண் கண்ணாக வரைந்திருந்தால் அது அலங்காரக் கோலம், வெயில் அல்ல.

மரத்துக்கு வருவோம். தேக்கு, ஈட்டி, பலா மூன்றும் பழுப்புதான் என்று நினைத்தால் படம் அங்கேயே செத்துவிடும். தேக்கு பொன்னிறத்தில் தொடங்கிக் காலப்போக்கில் கறுக்கும். ரேகை பெரும்பாலும் நேராக ஓடும். ஈட்டியில் ஊதா கலந்த கரும்பழுப்பும் அதற்குள் கறுப்புக் கீற்றுகளும். பலா அறுத்தபோது மஞ்சள், பழசானால் செம்பழுப்பு. பழைய தேக்குக்கு ரா சியன்னா என்ற மஞ்சள்பழுப்புப் பூச்சு ஒன்றைக் காயவைத்து, அதன் மேல் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு. நிழலுக்கு அதே பர்ன்ட் சியன்னாவில் அல்ட்ராமரைன் நீலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் போதும், கறுப்புக் குப்பியைத் திறக்க வேண்டியதில்லை. அல்ட்ராமரைன் துகள் காகிதக் குழிகளில் தங்கி மரத்தின் நுண்துளைகளைத் தானாகவே தந்துவிடும். ஈட்டிக்குப் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்போடு க்வினாக்ரிடோன் ஊதாச் சிவப்பு கொஞ்சம். இந்த ஊதாச் சிவப்புக்குப் பதிலாக அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பைப் போட்டால் சில ஆண்டு வெளிச்சத்தில் சிவப்பு வெளிறி, ஈட்டி வெறும் சேற்றுப் பழுப்பாகிவிடும். வேன் டைக் பிரவுன் இன்னொரு கண்ணி. பெயரும் நிறமும் பழைய மரத்துக்கென்றே செய்ததுபோல இருக்கும், ஆனால் மண்ணில் மக்கிய தாவரப் பொருளிலிருந்து எடுத்த அசல் சரக்கு வெளிச்சத்துக்குத் தாங்காது. இன்று பல நிறுவனங்கள் அதே பெயரில் இரும்பு ஆக்சைடும் கறுப்பும் கலந்து விற்கின்றன, அது நிலைக்கும். டியூபின் மேல் உள்ள நிறமிக் குறியைப் படித்தால் தெரிந்துவிடும்.

ரேகை போடுவதில் பொதுவான பிழை, எல்லாக் கட்டையிலும் ஒரே இடைவெளியில் மெல்லிய கோடுகளை இழுப்பது. ரேகை என்பது மரம் ஆண்டுதோறும் வளர்ந்த வளையத்தின் வெட்டுமுகம். கட்டை வளைந்து செதுக்கப்பட்ட இடத்தில் அது வளைவோடு கூடவே ஓடாது. வளைவு அதை வெட்டிக்கொண்டு போகும், அதனால் ரேகை விளிம்பில் போய் முடியும். கடைசல் பிடித்த காலில் குமிழ் வருமிடங்களில் நீள்வட்டமாகச் சுழிக்கும். கட்டையின் வெட்டுமுனையில் நீள ஓடும் ரேகை இருக்காது, வளையங்களின் வில்லும் துளைப்புள்ளிகளும்தான் இருக்கும். அந்த முனை எண்ணெயை அதிகம் குடிப்பதால் எப்போதும் ஒரு படி கறுத்திருக்கும். ஈசிசேர்க் கையின் நுனியைப் பாருங்கள்: அங்கே நிறம் மாறாமல் இருந்தால் ஓவியர் மரத்தைப் பலகையாகப் பார்த்திருக்கிறார், மரமாகப் பார்க்கவில்லை.

இதே கண்ணோடு மூட்டுகளைப் பாருங்கள். நிற்கும் காலில் துளை, படுத்த சட்டத்தில் அதற்குள் நுழையும் நாக்கு, இரண்டையும் பூட்டக் குறுக்கே அடித்த மரமுளை. காலில் ரேகை செங்குத்தாகவும் சட்டத்தில் கிடையாகவும் ஓடும்; இரண்டும் சந்திக்கும் கோட்டில் ரேகை சட்டென்று திசை மாற வேண்டும். அந்தக் கோட்டை இருட்டாக அழுத்தி வரையத் தேவையில்லை. இரண்டு பக்கமும் தூரிகை இழுத்த திசை வேறாக இருந்தாலே போதும், மூட்டு தெரிந்துவிடும். மரம் அகலவாக்கில் சுருங்கும் அளவுக்கு நீளவாக்கில் சுருங்காது, அதனால் பழைய நாற்காலியில் முளையின் தலை சற்றே வெளியே துருத்தியிருக்கும், ஓர் ஓரத்தில் மயிரிழை நிழலோடு. அந்த நிழலைப் போட்டிருக்கும் ஓவியரை நான் முழுதாக நம்புவேன்.

கை படும் இடம், தலை சாயும் இடம், கால் உரசும் இடம் என்று புழங்கிய தடமும் உண்டு. கைகளின் மேல்பரப்பு வியர்வையும் எண்ணெயும் ஏறிக் கறுத்து மின்னும். விளிம்புகளில் பாலிஷ் தேய்ந்து வெளுத்திருக்கும். பிரம்பு மாற்றியிருந்தால் புதுப் பின்னல் வெளிர் மஞ்சளாக, சட்டத்தோடு ஒட்டாத இளமையோடு இருக்கும். அதைச் 'சரிசெய்து' சட்டத்தின் நிறத்துக்கே கொண்டுவருவது பொருளைப் பற்றிப் பொய் சொல்வதாகும். கம்பிவலை போட்ட சாப்பாட்டு அலமாரியை வரைந்தால் கால்களின் அடியைக் கவனியுங்கள். எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தியவை அவை. அடியில் சில விரற்கடை உயரத்துக்கு நீர்க்கறை இருக்கும்.

வெளிச்சத்தில் நம் ஊருக்கே உரிய ஒன்று தரையின் சிவப்பு. ரெட் ஆக்சைடு தரையில் வெயில் விழுந்தால் நாற்காலியின் அடிப்பகுதி முழுவதும் செம்மை ஏறும்; கையின் கீழ்ப்பக்கம் மேல்பக்கத்தைவிடச் சூடான நிறத்தில் இருக்கும். மேல்பரப்பு வானத்தைப் பார்ப்பதால் அங்கே லேசான நீலச்சாம்பல். மேலே குளிர்ச்சி, கீழே சூடு. இது பிசகினால், ஐரோப்பியப் பாடப்புத்தகத்தின் வெளிச்சத்தைச் சென்னை வராந்தாவில் கொண்டுவந்து வைத்ததுபோல இருக்கும்.

கோட்டுப் பிழையைக் கண்டுபிடிக்கச் சுருக்கமான வழி: நான்கு கால்களின் அடிகளையும் கற்பனைக் கோட்டால் இணையுங்கள். அந்த நாற்கரம் தரையில் படுத்திருக்க வேண்டும். எதிர்ப்பக்கக் கோடுகள் தள்ளிப் போகப்போக ஒன்றையொன்று நெருங்க வேண்டும். பின்கால்கள் முன்கால்களின் மட்டத்துக்கே இறங்கியிருந்தால் நாற்காலி முன்னால் சரியும். வட்ட மேசையானால் மேற்பரப்பு நீள்வட்டத்தின் சின்ன அச்சு, நடுத்தண்டின் நேர்க்கோட்டில் இருக்க வேண்டும்.

மரச்சாமானை நீர்வண்ணத்தில் பதிவுசெய்த மிகப்பெரிய முயற்சிகளில் ஒன்று அமெரிக்காவில் நடந்தது. பொருளாதார மந்தத்தின்போது வேலையில்லாத ஓவியர்களுக்கு வேலை தர அரசு தொடங்கிய திட்டத்தின் கீழ், 1935 முதல் 1942 வரை பழைய நாற்காலி, பெட்டி, பொம்மை, துணி என்று 18,000-க்கும் மேற்பட்ட படங்களை வரைந்தார்கள். இன்டெக்ஸ் ஆஃப் அமெரிக்கன் டிசைன் என்று பெயர். இப்போது வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கின்றன, இணையத்திலும் பார்க்கலாம். அன்றைய வண்ணப் புகைப்படத்தை நிறத்துக்கு நம்ப முடியாது என்பது நீர்வண்ணத்தைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம். இன்னொன்று, பளபளப்பில் மறையும் ரேகையையும் நிழலில் மறையும் மூட்டையும் ஓவியரால் ஒருசேரக் காட்ட முடியும். மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, வெற்றுப் பின்னணியில் பொருளை மட்டும் நிறுத்தினார்கள். ஷேக்கர் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவச் சமூகத்தாரின் எளிய நாற்காலிகளை வரைந்த படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேலே சொன்ன மூட்டும் ரேகையும் அங்கே பாடமாகக் கிடக்கின்றன.

நம் பக்கத்திலும் இந்தக் கண் புதிதல்ல. கம்பெனி ஆட்சிக் காலத்தில் தஞ்சாவூர், திருச்சி ஓவியர்கள் தொழிலாளர்களை அவரவர் கருவிகளோடு காகிதத்திலும் திருச்சியில் அபிரகத் (மைக்கா) தகட்டிலும் வரைந்தார்கள். சென்னையில் 1850-ல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளி, இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி, ஓவியத்தையும் கைத்தொழிலையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தது. விசாகப்பட்டினத்தில் 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியருக்காகச் செய்த மரப்பெட்டிகளில் தந்தம் பதித்து, அதில் கீறிய கோடுகளில் கறுப்பு அரக்கை நிரப்புவார்கள். நீர்வண்ணத்தில் வரைய இதைவிடக் கடினமான பொருள் அதிகம் இல்லை: தந்தம் முழுவதும் காகித வெள்ளை, அதற்குள் மயிரிழைக் கோடு, சுற்றிலும் ஆழ்ந்த ஈட்டி.

நேரில் பொருளைப் பார்த்துக் கண்ணைப் பழக்க விரும்புவோர் முட்டுக்காடு தட்சிணசித்ராவின் செட்டிநாட்டு வீட்டுக்குப் போகலாம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய நாற்காலிகளைப் புரட்டியே பார்க்கலாம். அடிப்பக்கத்தைப் பார்க்க மறக்காதீர்கள்.

வரைபவருக்கும் வாங்குபவருக்கும் சென்னையின் காற்று ஒரு தனிப் பிரச்சினை. மே மாதத்தில் மின்விசிறிக்கு அடியில் பெரிய பூச்சு போட்டால் பாதி வழியிலேயே காய்ந்து, நடுச்சுவரில் கோடு விழும். விசிறியை நிறுத்திவிட்டு, காகிதத்தின் பின்பக்கத்தையும் நனைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நேர்மாறு: பூச்சு காயாமல் கிடக்க, பொறுமையிழந்து அடுத்த தூரிகையை வைத்தால் தண்ணீர் பாய்ந்து காலிபிளவர் மாதிரி விளிம்பு கட்டும். காகிதம் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தி என்றால் பரவாயில்லை, ஆனால் ஈரமான அலமாரியில் மழைக்காலம் முழுக்க அடுக்கி வைத்தால் தண்ணீரை உடனே உறிஞ்சாமல் தடுக்கும் அதன் மேல்பசை அங்கங்கே கெட்டுவிடும். வெறும் தண்ணீரைத் தடவிப் பாருங்கள். கரும்புள்ளியாக உறிஞ்சும் இடங்கள் இருந்தால் அந்தத் தாளில் சுவர்ப் பூச்சு வராது.

வாங்கும்போது அசலா அச்சா என்று பார்க்கப் பத்து மடங்கு லென்ஸ் போதும். அச்சில் நுண்புள்ளிகள் தெரியும். அசலில் நிறமி காகிதக் குழிகளில் தேங்கியிருக்கும், ஒவ்வொரு பூச்சின் ஓரத்திலும் ஒரு கறுத்த வரம்பு இருக்கும். ஓரத்தில் நீர் வேகமாக ஆவியாவதால் நடுவிலிருந்து நீர் அங்கே இழுபட்டு, நிறமியையும் சுமந்துபோய்ச் சேர்க்கிறது.

சட்டம் போடும்போது கடைக்காரரிடம் மூன்றைக் கேட்டு வாங்குங்கள். அமிலமில்லாத மவுண்ட் போர்டு (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை), கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் அந்த அட்டையின் கனமாவது இடைவெளி, படத்தை முழுதாக ஒட்டாமல் மேல்விளிம்பில் இரண்டு காகிதக் கீல் மட்டும். செல்லோடேப் மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கும். ஹார்ட்போர்டு பின்பலகை அமிலத்தைக் கக்கிப் பழுப்புக் கறை ஏற்றும். அதற்கும் படத்துக்கும் நடுவில் அமிலமில்லாத அட்டை ஒன்று இருந்தே ஆக வேண்டும். மழைநீர் ஊறும் வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம். உட்சுவரிலும் சட்டத்தின் பின்மூலைகளில் கார்க் துண்டு ஒட்டிக் காற்றோட விடுங்கள். அருங்காட்சியகங்கள் காகித ஓவியங்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) வெளிச்சத்தையே அளவாக வைக்கின்றன; வெயில் படும் வரவேற்பறைச் சுவர் அதைப்போலப் பல மடங்கு. ஜனவரியில் மழை ஓய்ந்தபின் ஒருமுறை படத்தை இறக்கிப் பின்பக்கம் பாருங்கள். ராமபாணப் பூச்சி அரித்த தடமோ பழுப்புப் புள்ளியோ தெரிந்தால் துடைக்காதீர்கள், ரப்பரால் அழிக்காதீர்கள். சட்டத்திலிருந்து பிரித்து, காய்ந்த அறையில் தட்டையாக வைத்து, காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள்.